அடையாற்றுக்கு ஒரு ரத்தப் பரிசோதனைப் பயணம்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மயிலாப்பூரிலிருந்து தி.நகர், அங்கிருந்து அடையாறு, அடையாறிலிருந்து மறுபடி மயிலாப்பூர் என்று ஒரு சுற்றுப் போய் வந்தேன். மொத்தத் தூரம் பதினாறு கிலோமீட்டருக்கு மேல் இராது. இதற்கு ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பீர்கள். கொல்லிமலைக்குத் தனியாகப் பேருந்தில் போய் வந்து எழுதியபோதும், அறுபத்தொன்பது வயதில் இது தேவையா என்று கேட்டவர்கள்தானே நீங்கள். தேவை என்று அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

போனது ரத்தப் பரிசோதனைக்கு. சர்க்கரை, கொழுப்பு பார்க்க அல்ல. பால்வினை நோய் இருக்கிறதா என்று பார்க்க. எனக்கும், நான் பதிவுத் திருமணம் செய்துகொள்ள இருக்கும் சகுந்தலாவுக்கும். (பெயரை மாற்றியிருக்கிறேன். இதை எழுத அவர் போட்ட ஒரே நிபந்தனை அது.) ஆதம்பாக்கத்தில் இருக்கும் என் மகன் இந்த வலைப்பதிவைப் படிப்பதே இல்லை என்று சொல்லிக்கொள்கிறான். படிக்கிறான் என்று எனக்குத் தெரியும். படிக்கட்டும்.

புதிதாக வருபவர்களுக்காக: நான் படித்தது எட்டாம் வகுப்பு. மோட்டாருக்குக் காயில் கட்டும் வேலையைப் பார்த்துப் பார்த்துக் கற்றேன். ஆங்கிலத்தை மோட்டாருடன் வரும் கையேடுகளிலிருந்து கற்றேன். லஸ் அருகே ஒரு சந்தில் பட்டறை. சகுந்தலா தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் மாடிப்படிக்குக் கீழே தையல் எந்திரம் போட்டு, புடவைக்கு ஃபால் அடிப்பவர். அவருடைய எந்திரத்தின் மோட்டார் புகைந்துபோய் என்னிடம் வந்தது. காத்திருந்த நேரத்தில் டீ வரவழைத்தேன். அவர் கிளாஸைத் தொடவில்லை. பையிலிருந்து ஓர் எவர்சில்வர் டம்ளரை எடுத்து, டீயை அதில் ஊற்றிக் குடித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. தனி டம்ளர் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. என் அப்பா டீக்கடைக்கு வெளியே நின்று, தனக்கென்று வைத்த டம்ளரில் குடித்தவர். என் கடைக்கு வந்த கிளாஸ் இந்த அம்மாவுக்குத் தீட்டா என்று கோபம் வந்தது. அடுத்த தடவையும் டம்ளரோடு வந்தார். கேட்டே விட்டேன்.

"என் கிளாஸ்ல என்ன கொறச்சல்?"

"உன் கிளாஸ்ல ஒண்ணும் இல்ல மெக்கானிக்கு. என்கிட்டதான் எதுனா கீதோ இன்னாவோ."

அதற்கு என்ன பொருள் என்று, நான் கல்யாணப் பேச்சை எடுத்த அன்றுதான் சொன்னார். அவர் கணவர் பம்பாய்க்கு லோடு அடித்த லாரி ஓட்டுநர். உடல் வற்றி, படுத்து, இறந்துபோனார். ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்பதை மாமியார் வீட்டில் யாரும் இவரிடம் சொல்லவில்லை. காய்ச்சல் என்றார்கள். ஆனால் கொழுந்தன் மறுநாளே அண்ணனுடைய துணி, தட்டு, பாய் எல்லாவற்றையும் கொளுத்தினான். அதிலிருந்து இவராகப் புரிந்துகொண்டார். அன்று முதல் தனி டம்ளர், தனித் தட்டு, தனித் துண்டு. பேத்தி பிறந்து பள்ளிக்கூடமே போகிறாள், ஒரு முத்தம் கொடுத்ததில்லை. பரிசோதனைக்கும் போகவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்தால் விஷயம் அவர் இருக்கும் பெரும்பாக்கம் குடியிருப்பு முழுக்கப் பரவும், விதவைப் பென்ஷனை நிறுத்திவிடுவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டார்.

"டெஸ்டு எடுக்காம கல்யாணம் கில்யாணம்லாம் வேணாம்," என்றார். "நீயும் எடுக்கணும். நீ மட்டும் இன்னா, புடம் போட்ட தங்கமா?"

சரி என்றேன். எங்கே எடுப்பது என்பதில்தான் தகராறு. மயிலாப்பூரில் என்னைத் தெரியாதவர்கள் இல்லை. பெரும்பாக்கத்தில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. தி.நகரில் ஜவுளிக்கடைக்காரர்கள். கடைசியில், இரண்டு பேரையும் யாருக்கும் தெரியாத இடம் என்று அடையாறு பக்கம் ஒரு அரசு சுகாதார மையம் முடிவானது. வெட்கத்துக்காக ஒரு மனிதர் எத்தனை கிலோமீட்டர் போகிறார் என்று யாராவது கணக்கெடுத்தால், பேருந்தில் பாதிக் கூட்டம் எதற்கு என்று தெரிந்துவிடும்.

காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினேன். முதல் நிறுத்தம் எங்கள் தெருமுனை மருந்துக்கடை. பரிசோதனையில் எது வந்தாலும் ஆணுறை கையில் இருக்க வேண்டும் என்பதும் சகுந்தலாவின் கட்டளை. கடைக்காரர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பல வருடப் பழக்கம், பல வருடச் சண்டை.

"ஆணுறை ஒரு பாக்கெட் குடுப்பா."

"அண்ணாச்சி, மெள்ளப் பேசுங்க. பொம்பளையாளுங்க நிக்காவ."

"நிக்கட்டும். அவங்களுக்கும் உபயோகமானதுதானே."

எடுத்தார். செய்தித்தாளில் சுற்றினார். ரப்பர் பேண்ட் போட்டார். அதைக் கறுப்புப் பையில் போட்டு முடிச்சும் போட்டார். நான் அங்கேயே முடிச்சை அவிழ்த்து, பையையும் பேப்பரையும் திருப்பிக் கொடுத்தேன். காய்ச்சல் மாத்திரையை இப்படிச் சுற்றித் தருவாயா என்று கேட்டேன். இருபது ரூபாய்ப் பாக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"இதுக்குப் போயி அரசாங்கம் காசு செலவழிக்கு பாருங்க, அத எங்க போயிச் சொல்ல? சும்மா குடுத்தா எவன் ஒழுக்கமா இருப்பான்? எல்லாம் நம்ம வரிப்பணம்லா?"

"தெருமுனையில தீயணைப்பு வண்டி நிக்குதுன்னு நீ உன் கடைக்குத் தீ வெச்சிக்குவியா?"

"அது வேற, இது வேற அண்ணாச்சி."

"எப்படி வேற?"

"உங்ககிட்டப் பேசி ஜெயிக்க முடியுமா? சரி, ஓசியில வர்றத எவனாச்சும் மதிக்கானா? அரசாங்கச் சரக்குன்னா ஓட்டையாத்தான் இருக்கும்னு நெனைப்பான். பொட்டியோட தூக்கி எறிவான். வியாபாரி சொல்லுதேன், கேளுங்க."

பேருந்து வந்துவிட்டதால் பதில் சொல்லவில்லை. 12B, லஸ்ஸிலிருந்து தி.நகர், எட்டு ரூபாய். காலை ஒன்பதே முக்காலுக்கு உட்கார இடம் கிடைத்தது, முதியவர்கள் குறித்துக்கொள்ளவும். ஆழ்வார்ப்பேட்டை தாண்டும்போது அவர் கடைசியாகச் சொன்னதில் ஏதோ இருக்கிறது என்று தோன்றியது. சும்மா கிடைப்பதைச் சந்தேகப்படுவது நம் வழக்கம்தான். ஆனால் அதற்காகக் கொடுக்காமல் விடுவதா? மையத்தில் இலவசமாக வை. அதை நம்பாதவனுக்காக, மருந்துக்கடையிலும் டீக்கடையிலும் பாதி விலையை அரசு கட்டி, தீப்பெட்டி விலைக்கு விற்கச் சொல். மிக்ஸி கொடுத்தார்கள், கிரைண்டர் கொடுத்தார்கள், மின்விசிறி கொடுத்தார்கள். வாங்கியவர்கள் யாரும் ஓட்டையா என்று பார்க்கவில்லை. அதில் சில மின்விசிறிகளுக்கு நானே காயில் கட்டிக் கொடுத்திருக்கிறேன், அது வேறு கதை.

பனகல் பூங்கா நிறுத்தத்தில் இறங்கி நடந்தால் சகுந்தலாவின் மாடிப்படி பத்து நிமிடம். கூட்டம் இருந்தால் இருபது. ஒரு பட்டுப்புடவைக்கு ஃபாலின் கடைசி முழத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். கடை மேனேஜரிடம் கண் பரிசோதனைக்குப் போவதாகச் சொல்லியிருந்தார். என் சட்டைப் பையைப் பார்த்தார்.

"அய்ய! இன்னாயா இது, பாக்கெட்ல தெரியுது பாரு!"

"தெரியட்டும்."

"உன்ன கட்டிக்கினு நான் இன்னா பாடு படப் போறேனோ." பாக்கெட்டைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். பைக்குள் டம்ளர் இருந்தது. பாக்கெட் அதன்மேல் விழுந்து டிங் என்றது.

தி.நகர் பேருந்து நிலையத்திலிருந்து 47A. எனக்கு எட்டு ரூபாய், அவருக்கு இலவசம். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதை எங்கள் தெரு ஆண்கள் இன்னும் பொருமிக்கொண்டிருக்கிறார்கள். நான் பொருமுவதில்லை. அந்த இலவசத்தால்தான் பெரும்பாக்கத்திலிருந்து தினம் வேலைக்கு வர முடிகிறது என்று சகுந்தலா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அரசு ஒரு பொருளுக்குக் காசு கட்டுகிறது என்றால், அந்தக் காசு கட்டப்படாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் கூட்டிப் பார்க்க வேண்டும்.

சைதாப்பேட்டை பாலத்தில் பேருந்து ஊர்ந்தபோது அவர் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். ஆற்றங்கரையில் இப்போது வேலியும் செடிகளும்.

"அங்கதான் எங்க குட்ச இருந்துச்சி. எங்கள இஸ்துகினு போய்ப் பெரும்பாக்கத்துல போட்டாங்க. அந்தாளு லோடு எறக்கிட்டு வந்தா இந்தப் பாலத்தாண்டதான் எறங்குவாரு."

பிறகு அவராகவே சொன்னார்.

"நான் ஒருவாட்டி அவுரு கூட லாரி ஷெட்டுக்குப் போய்க்கீறேன். பீடி விப்பாங்க, பிராந்தி விப்பாங்க, பரோட்டா விப்பாங்க. ராவுல பொம்பளைங்களும் வருவாங்கன்னு எனுக்குத் தெரியும். எல்லாத்தையும் வித்தானுங்க, இத்த மட்டும் எவனும் விக்கல." பையைத் தட்டிக் காட்டினார். "அந்தாளு கெட்டவன் இல்ல மெக்கானிக்கு. கையில இருந்துச்சின்னா போட்டுகினு இருப்பாரு. சொன்னா கேக்குற ஆளு."

முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் மறுபடி முன்னால் பார்த்துக்கொண்டார்.

மருந்துக்கடைக்காரருக்குச் சொல்ல வேண்டிய பதில் அந்தப் பாலத்தின் மேல்தான் கிடைத்தது. ஒழுக்கமாகத்தான் இருந்தார் சகுந்தலா. அவருடைய ஒழுக்கம் அவருக்கு எந்தப் பாதுகாப்பும் கொடுக்கவில்லை. ஒருவன் தவறுக்கான விலையை அவன் மட்டும் கட்டுவதாக இருந்தால் அரசு ஒதுங்கி நிற்கலாம். வீட்டில் இருப்பவளும் சேர்ந்து கட்டுகிறாள் என்றால் ஒதுங்கி நிற்க எந்த அரசுக்கும் உரிமை இல்லை. இதில் நான் ஓர் அங்குலமும் இறங்கி வர மாட்டேன்.

பதினொன்றே காலுக்கு அடையாறு. நிறுத்தத்திலிருந்து மையம் அறுநூறு மீட்டர், நிழல் இல்லை, குடை கொண்டு போகவும். உள்ளே நுழைந்ததும் வராந்தாச் சுவரில் ஒரு தகரப் பெட்டி. அதன்மேல் சிவப்பு முக்கோணம், அப்பா அம்மா ஒரு குழந்தை சிரிக்கும் படம், 'இலவச ஆணுறை' என்ற எழுத்து. கையை விட்டுப் பார்த்தேன். காலி. ஒரு பீடித்துண்டு இருந்தது.

நர்ஸம்மா என்னைப் பார்த்ததும் கையைக் காட்டினார். "தாத்தா, சுகர் மாத்திரை லைன் அந்தப் பக்கம்."

"எனக்குச் சர்க்கரை இல்லம்மா."

"அப்ப கண்ணு கேம்ப்பா?"

"இந்தப் பெட்டி ஏம்மா காலியா இருக்கு?"

சர்க்கரை வரிசை மொத்தமும் திரும்பியது. நர்ஸம்மா குரலைத் தாழ்த்தினார். "பேரனுக்கா தாத்தா?"

"எனக்கு."

சிரிப்பு. சகுந்தலா முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய்விட்டார். நர்ஸம்மா நல்ல பெண்தான், அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டே விளக்கினார். "வெளிய வெச்சா ஸ்கூல் பசங்க எடுத்து பலூன் ஊதுறாங்க. அதான் உள்ள வெச்சிருக்கோம். கேட்டாக் குடுப்போம்."

"கேக்க வெக்கப்படறவனுக்குத்தானேம்மா பெட்டியே வெச்சது? கேக்கத் தைரியம் இருக்கறவன் கடையில வாங்கிட்டுப் போயிடுவானே."

அவர் பதில் சொல்வதற்குள் வரிசையில் காக்கிச் சட்டை போட்ட ஓர் ஆட்டோக்காரர் குரல் கொடுத்தார். "பெர்சு சொல்றது கரீட்டுக்கா. எங்க ஸ்டாண்டாண்டயும் ஒரு பொட்டி மாட்டு. நாங்க இன்னா பலூனா ஊதப் போறோம்?"

"நீ ஊதுவடா மச்சி," என்றார் அவருக்குப் பின்னால் நின்றவர்.

அந்தப் படத்தைப் பற்றியும் சொன்னேன். எனக்கும் சகுந்தலாவுக்கும் இனிக் குழந்தை பிறக்கப் போவதில்லை. பிறகு ஏன் பெட்டிமேல் குழந்தை? கல்யாணமாகாதவன், கிழவன், பிள்ளை பெற்று முடித்தவள், எல்லோரிடமும் அந்தப் படம் 'இது உனக்கில்லை' என்று சொல்கிறது. நோய்க்கு அப்படிப் பாகுபாடு தெரியாது. 'நோயிலிருந்து பாதுகாப்பு' என்று பெரிதாக எழுதி ஒட்டு என்றேன். சகுந்தலா வந்து என் முழங்கையில் ஒரு கிள்ளு கிள்ளினார். "மானத்த வாங்காத, வா." ஆனால் நாங்கள் பெயர் கொடுத்துக்கொண்டிருந்தபோது நர்ஸம்மா உள்ளேயிருந்து ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து தகரப் பெட்டியில் கொட்டும் சத்தம் கேட்டது.

ஆலோசகர் ஒரு இளம் பெண். தனி அறை, கதவு சாத்தியே இருக்கும். ஒவ்வொருவராகத்தான் கூப்பிடுவார். என்னிடம் சில கேள்விகள் கேட்டார். என் மனைவி இறந்துபோன பிறகு யாரேனும் உண்டா என்றும் கேட்டார். முறைத்தேன். பிறகு உண்மையைச் சொன்னேன், இல்லை என்று. நோய் இருந்தால் கல்யாணம் நின்றுவிடுமா என்று திருப்பிக் கேட்டேன். "ஏன் சார் நிக்கணும்? மாத்திரை இலவசமாவே கெடைக்குது. ஒழுங்கா சாப்ட்டா ரொம்ப நாள் நல்லா இருக்கலாம். சேர்ந்தும் வாழலாம்," என்றார். அதைக் கேட்டதும் என் பக்கத்துக் கவலை தீர்ந்தது. எந்த முடிவு வந்தாலும் பதிவு அலுவலகம் போவது போவதுதான்.

சகுந்தலாவின் கவலை அப்படித் தீராது. அவர் அறையிலிருந்து வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது. ரத்தம் கொடுத்தாயிற்று, முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்.

"டம்ளர்லலாம் ஒட்டாதாம்யா. தட்டுல ஒட்டாது, துண்டுல ஒட்டாதாம். முத்தம் குட்த்தாகூட ஒண்ணியும் ஆவாதாம்."

பைக்கு மேலேயே டம்ளரைத் தடவிப் பார்த்தார்.

"இத்தினி வருஷமா ஒருத்தரும் எனுக்கு இத்தச் சொல்லல பாரு. சொல்லியிருந்தா அந்தப் பாப்பாவத் தூக்கி வெச்சிகினு இருந்திருப்பேனே."

எனக்கு வந்த கோபத்தில் எழுந்து வராந்தாவில் நடந்தேன். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. தட்டைக் கொளுத்திய கொழுந்தனையா, ஆணுறையைப் பேப்பரில் சுற்றும் மருந்துக்கடைகளையா? சுற்றிச் சுற்றி மறைத்ததில் பொருளும் போய்ச் சேரவில்லை, அதைப் பற்றிய பேச்சும் போய்ச் சேரவில்லை. அரசு காசு கொடுத்தால் மட்டும் போதாது, வாயையும் திறக்க வேண்டும்.

பன்னிரண்டே முக்காலுக்கு முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். எச்.ஐ.வி. இல்லை, சிபிலிஸ் இல்லை. எதிர்பார்த்ததுதான். அடுத்து அவர். நானும் வரட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது.

வெளியே வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. நேராகக் குழாயடிக்குப் போய் முகம் கழுவினார். திரும்பத் திரும்பக் கழுவினார். முந்தானையால் துடைத்துக்கொண்டு, "டீ குடிக்கலாம் வா," என்று மட்டும் சொல்லி முன்னால் நடந்தார். எனக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை. கேட்க வெட்கப்படுகிறவனுக்காகக் காலையில் ஊருக்கே பிரசங்கம் செய்தவன் நான். வாசலில் அந்த ஆட்டோக்காரர் தகரப் பெட்டியில் கையை விட்டு ஒரு பிடி அள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "ஸ்டாண்டுக்கு, பெர்சு," என்றார். தலையை ஆட்டிவிட்டு சகுந்தலாவின் பின்னால் ஓடினேன்.

டீக்கடை மையத்துக்கு எதிர்ச் சந்தில். சகுந்தலா பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, ஜிப்பைத் திறக்காமல் நின்றார்.

"ஒரு டீ போடு நைனா. பை டூ."

டீ மாஸ்டர் இரண்டு கிளாஸ் எடுத்தார்.

"ரெண்டு வேணாம். ஒரே கிளாஸ்ல ஊத்து."

கடை கிளாஸைக் கையில் வாங்கினார். ஊதினார். பாதி குடித்தார். மீதியை என்னிடம் நீட்டி, "எனுக்கும் ஒண்ணியும் இல்லியாம்," என்றார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவருக்கும் ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை.

"இன்னா முழிக்கிற? ஆறிடப் போவுது, குடி," என்றார். குடித்தேன். சர்க்கரை அதிகம். நான் அந்தக் குறையைச் சொல்லாமல் விட்ட ஒரே டீ அதுதான் என்று பிற்பாடு கேலி செய்தார்.

திரும்ப 29C, அடையாறிலிருந்து லஸ். எனக்கு ஏழு ரூபாய், அவருக்கு இலவசம். பேத்தியைப் பார்க்க வேண்டும் என்று மந்தைவெளியிலேயே இறங்கி, பெரும்பாக்கம் பக்கம் போகும் பேருந்துக்காக எதிர்ப்புறம் ஓடிவிட்டார். அந்த வயதில் அவ்வளவு வேகமாகச் சாலையைக் கடக்கக் கூடாது. கத்தினேன், காதில் வாங்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் ரத்தம் எடுப்பதில்லை. வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. பரிசோதனை இலவசம். எங்களிடம் ஆதார் கேட்கவில்லை, முடிவை வேறு யாரிடமும் சொல்லவில்லை, சகுந்தலாவின் பென்ஷன் இந்த மாதமும் வந்துவிட்டது. எங்களுக்கு அன்றே முடிவு தெரிந்தது; கூட்டமாக இருந்தால் தாமதமாகலாம், கையில் படிக்க ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். சமீபத்தில்தான் பயப்படும்படி ஏதாவது நடந்தது என்றால் அதை மறைக்காமல் சொல்லுங்கள், சில வாரம் கழித்து இன்னொரு தடவை வரச் சொல்வார்கள். பெட்டி காலியாக இருந்தால் கேளுங்கள். சத்தமாகவே கேளுங்கள், உங்களுக்குப் பின்னால் நிற்பவர் கேட்க முடியாமல் நிற்கலாம். வயதானவர்கள் பேரனுக்கா என்று கேட்கப்படுவார்கள். எனக்கு என்று சொல்லிவிட்டால் போதும், சிரித்து முடித்த பிறகு கொடுத்துவிடுவார்கள்.

மருந்துக்கடைக்காரரிடம் மறுநாள் போய்ப் பாலத்தின் மேல் கிடைத்த பதிலைச் சொன்னேன். ஒப்புக்கொள்ளவில்லை. நானும் விடவில்லை. ஆனால் கறுப்புப் பை மட்டும் எனக்கு இனிக் கிடையாது என்று முடிவாகியிருக்கிறது.

சென்ற வாரம் சகுந்தலாவின் எந்திரத்துக்கு பெல்ட் மாற்றப் போனேன். எவர்சில்வர் டம்ளர் எந்திரத்தின் மேலேயே இருந்தது. பாபினும் ஊசியும் போட்டு வைத்திருக்கிறார்.